சம்பந்தி வீட்டுக் கரவான்

2025 ஜூன் மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. கச்சான் என்கிற மேல்காற்று வயல்களின் சூட்டையெல்லாம் அள்ளி வந்து எங்கள் கோவில்பத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கடல்காற்று இன்னும் கிளம்பவில்லை. அந்த நேரத்தில்தான் என் சம்பந்தி தன் வீட்டுக் கொல்லையில் கிடந்த பெரிய தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். அடியிலிருந்து முதலில் நான்கு கோழிகளும் ஒரு சேவலும் வந்தன. பிறகு ஒரு கரவான் வந்தது.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு அது. சினிமாக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கேரவனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சக்கரம், ஆறு ஜன்னல், ஒரு கதவு, உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு. கேரவன் என்று சொல்லக்கூடாது, பிரெஞ்சுக்காரர் சொல்வதுபோல் கரவான் என்றுதான் சொல்லவேண்டும் என்பது சம்பந்தி வீட்டுச் சட்டம்.

சம்பந்தி என் மகளின் மாமனார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். சம்பந்தியும் பிரான்சில் வேலைபார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். என் மகளும் அவர் மகனும் இப்போது அங்கே இருக்கிறார்கள். நான் பிரான்சைப் பார்த்ததில்லை. இங்கேயே ஓர் அலுவலகத்தில் கணக்குக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன்.

"சம்பந்தி, இத பழையபடி ஆக்கப்போறேன்" என்றார் அவர். "ஜூலை பதினாலு பிரான்சுக்குத் தேசிய நாளு. கொடி ஏத்துறப்ப இது வாசல்ல நிக்கணும். எங்கப்பா கப்பல்ல கொண்டாந்த வண்டி. எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. நீங்கதான் எதையும் எண்ணாம விடமாட்டீங்களே."

"இவரா?" என்றாள் என் மனைவி. "சாம்பார்ல முருங்கைக்காய எண்ணிட்டுத்தான் கை வைப்பாரு. குடுங்கண்ணே, வீட்ல எனக்காவது நிம்மதியா இருக்கும்."

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கண்டுபிடித்ததையெல்லாம் இணையத்தில் எழுதியும் வைக்கிறார்கள். மகள் வாங்கிக்கொடுத்த கைபேசியில் அவற்றைப் படித்தேன். இழுவைக் கம்பியில் கம்பெனிப் பெயர் பொறித்த தகடு இருக்கும், அதை முதலில் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பார்த்தேன். தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. தகடு இல்லாவிட்டால் வண்டியையே விசாரிக்கவேண்டும்: கதவு எந்தப் பக்கம், கண்ணாடியில் என்ன முத்திரை, திருகாணி எந்த அளவு, பெயின்ட் எத்தனை அடுக்கு.

கதவிலேயே எனக்குச் சங்கடம் தொடங்கிவிட்டது.

"சம்பந்தி, கதவு இடப்பக்கம் இருக்குங்க."

"ஆமாங்க. வசதியா இருக்கும்."

"பிரான்சுல வண்டியெல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கமா போகுதாம். கதவும் வலப்பக்கந்தான் வைப்பாங்களாம். இப்படி வச்சா எறங்குறவங்க நேரா பஸ்ஸு முன்னாடில்ல போய் நிப்பாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கப்பா சொல்தாங்க. பஸ்ஸுக்கெல்லாம் பயந்தவரில்ல."

பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டாரிடம் "இல்லை" என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. மிஞ்சிப்போனால் "பாக்கலாங்க" என்போம். நான் அதற்கும் ஒருபடி கீழே இறங்கி, "உங்கப்பா லேசுப்பட்டவரில்லீங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

அடுத்த வாரம் ஜன்னல்களைக் கழுவினேன். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. நம் ஊர்க் குக்கரிலும் சிமெண்டு மூட்டையிலும் இருக்கிற அதே முத்திரை.

"அது புயல்ல ஒடஞ்சு இங்க மாத்துனதுங்க" என்றார் சம்பந்தி.

"ஆறுமாங்க?"

"புயல் என்ன, உங்கள மாதிரி எண்ணிட்டா அடிக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. திருகாணிக்குப் போனேன். பிரான்சு மில்லிமீட்டர் பிறந்த நாடு. அங்கே செய்த வண்டியென்றால் மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கவேண்டும். பதிமூன்று எண் ஸ்பேனர் ஒவ்வொரு திருகாணியிலும் லொடலொடவென்று வழுக்கியது. அரை அங்குல ஸ்பேனரை வைத்தேன். அம்மா இடுப்பில் ஏறிய குழந்தைபோல் ஒட்டிக்கொண்டது. அங்குலக் கணக்கில் வேலை நடந்த பட்டறை என்றால் ஒன்று இங்கிலாந்து, இல்லாவிட்டால் பழைய நம் ஊர். பெஞ்சுக்கு அடியில் இருந்த சட்டத்தை என் மனைவி நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்துவிட்டு, "வேப்ப மரம்" என்றாள். "பிரான்சுல வேம்பு இருக்கா?" என்று என் காதருகே கேட்டாள். நான் எண்ணுவதுபோல் பாவனை செய்தேன்.

அன்று சம்பந்தி நேராகவே கேட்டார். "அம்பத்தெட்டுல வந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன். சரியா இருக்குமா?"

"இருந்தா சந்தோஷந்தாங்க" என்றேன்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி பெயின்ட் வேலை. வண்டியின் பின்பக்கத்தில் ஓரிடத்தைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், வெட்டிய மரத்தின் வளையம்போல் பெயின்ட் அடுக்குகள் தெரியும் என்று படித்திருந்தேன். தேய்த்தேன். மேலே சம்பந்தி அடித்த வெள்ளை, அடுத்து நீலம், அடுத்து கிளிப்பச்சை. அதற்கும் அடியில் நல்ல சிவப்பு. மற்றொரு இடத்தில் தேய்த்தபோது பச்சைக்கு அடியில் சிவப்பு இல்லை, வெளிர்மஞ்சள்தான் இருந்தது. அப்படியானால் சிவப்பு முழுப் பூச்சு அல்ல, ஏதோ ஓர் உருவம். அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தேய்த்தேன். நேர்கோடாகப் போய் ஒரு மூலையில் முடிந்தது. அங்கிருந்து இன்னொரு கோடு. மூன்றாவது மூலைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம். சர்க்கார் வேலையில் இருந்த என் வயதுக்காரர்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. குடும்பக் கட்டுப்பாடு. அதன் கீழே "நடமாடும்" என்று ஒரு தமிழ்ச் சொல். பிரான்சில் யாரும் தமிழில் எழுதியிருக்க வாய்ப்பில்லை.

எல்லாக் கணக்கும் ஒரே நொடியில் நேர்ப்பட்டது. அறுபதுகளின் கடைசியில் நம் பக்கத்துப் பட்டறை ஏதோ ஒன்றில் ஊர் ஊராகப் போவதற்காகக் கட்டிய வண்டி. சில வருஷத்திலேயே ஏலத்தில் விட்டிருப்பார்கள், சொல்தா எடுத்துப் பச்சை அடித்திருப்பார், விவரம் தெரியாத வயதிலிருந்த என் சம்பந்தி கப்பல் கதையை நம்பியிருப்பார். சொல்தாவுக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர். என் சம்பந்தி எட்டாவது.

அப்போது பார்த்து சம்பந்தி காப்பி டம்ளரோடு வந்தார். நான் சட்டென்று திரும்பி முக்கோணத்தின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

"என்ன சம்பந்தி, முடியலீங்களா?"

"இந்தப் பக்கம் காத்து நல்லா வருதுங்க."

"கச்சான் அந்தப் பக்கத்துலேருந்துல்ல அடிக்குது?"

"அதான்... சூடு இல்லாம இருக்குது."

காப்பி குடித்து முடிகிறவரை அசையவில்லை. பெயின்ட் கலந்த ஈரம் சட்டைக்குள் ஊறியது. அவர் உள்ளே போனதும், அங்கேயிருந்த வெள்ளைப் பெயின்ட்டை எடுத்து முக்கோணத்தின்மேல் பூசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். "தெனம் அந்த முக்கோணத்தப் பாத்துக்கிட்டேவா ஒம்போது பெத்தாங்க?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள். வண்டி வரும்போது ஏறக்குறைய எல்லாருமே பிறந்திருப்பார்கள் என்று நான் வருஷக் கணக்கு சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

"இங்க பாருங்க. வாயத் தொறக்கக்கூடாது. பொண்ணு குடுத்த எடத்துல போய் உங்கப்பா சொன்னது பொய்னு சொல்லுவீங்களா? அது அங்க வாழணுமா வேணாமா?"

"நான் எதுவும் சொல்லலையே."

"சொல்லாதீங்க. வண்டிக்குக் கீழ ஒரு சலவைக்கல்லு வைக்கிறாங்களாம். அது நம்ம சீரா இருக்கட்டும்னு அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

பதினேழு நாள் வாயைத் திறக்கவில்லை. ஜூலை பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, கல் வந்தது. அதைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருந்தார் சம்பந்தி. வைக்கோலை விலக்கினார். கறுப்பு எழுத்துகள் வெட்டிய வெள்ளைக் கல். அதில் இப்படி இருந்தது:

"பிரான்சு தேசத்தில் செய்யப்பெற்று 1958ஆம் ஆண்டு கப்பலில் வந்திறங்கிய கரவான். ஆராய்ந்து உறுதி செய்தவர்: சம்பந்தி, கணக்குக் கண்காணிப்பாளர் (ஓய்வு)."

"கடைசி வரி உங்களுக்குச் சொல்லல. ஆச்சரியமா இருக்கட்டும்னு" என்றார்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. கூட்டிப் பார்க்காத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது கல்லில் வெட்டியிருக்கிறார்கள். "யாரெல்லாம் வர்றாங்க?" என்று கேட்டேன். நாற்பது பேர் என்றார். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த கிழவர் ஒருவரும் வருகிறாராம், தொண்ணூறு வயதாம், ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறதாம். அந்தக் கிழவர் நாற்பது பேர் முன்னால் வாயைத் திறந்தால் என் சம்பந்தி தன் வீட்டு வாசலில், கொடிக் கம்பத்தடியில், தலைகுனிந்து நிற்பார். சொன்னால் அவருக்கு என்மேல் கோபம். சொல்லாவிட்டால் அவருக்கு ஊர் முன்னால் அவமானம்.

"சம்பந்தி, கொஞ்சம் பின்பக்கம் வர்றீங்களா?"

என் மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் நிற்கவில்லை. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். சிவப்பு தெரிந்தது. முக்கோணம் தெரிந்தது.

"இது பிரெஞ்சு கம்பெனி முத்திரைங்களா?" என்றார். குரலில் அவ்வளவு நம்பிக்கை.

"இல்லீங்க. நம்ம சர்க்கார் முத்திரை."

குனிந்து "நடமாடும்" என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு போய் இழுவைக் கம்பிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன நாளா தெரியும்?"

"பதினேழு நாளாங்க."

"ஏன் சொல்லல?"

"கதவப் பத்தி அன்னைக்கே சொன்னேங்களே."

"கதவு இடப்பக்கம் இருக்குன்னு சொன்னீங்க. வண்டி பிரான்சு இல்லைன்னு சொன்னீங்களா? கேக்குறப்பல்லாம் உங்கப்பா லேசுப்பட்டவரில்ல, லேசுப்பட்டவரில்லன்னு சொல்லி என்னைக் கல்லு வெட்டுற வரைக்கும் கொண்டுபோய் விட்டீங்க!"

"நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க..."

"அதுக்கு? கடிச்சா வச்சிருவேன்?"

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் முகம் என் கண்முன் வந்தது. சம்பந்தி எழுந்து உள்ளே போய்விட்டார். போவதா இருப்பதா என்று தெரியாமல் நான் வண்டியின் ஆணிகளை எண்ணத் தொடங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருப்பேன், அவர் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்பா இந்தக் கப்பல் கதைய ஆரம்பிச்சாலே எங்கம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிடுவாங்க" என்றார். "கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சிரிக்கப் போயிருக்காங்க."

வண்டியின் முதுகை ஒரு தட்டுத் தட்டினார்.

"பழையபடி ஆக்கணும்னுதானே உங்ககிட்ட சொன்னேன்? அப்ப ஆக்கிடுவோம். மஞ்ச பெயின்ட் என் செலவு, சிவப்பு நீங்க வாங்கிட்டு வாங்க."

ஜூலை பதினாலு காலை பிரான்சின் மூவர்ணக் கொடி ஏறியது. பக்கத்தில் வெளிர்மஞ்சள் வண்டி, முதுகில் பளபளக்கும் சிவப்பு முக்கோணம். பிரெஞ்சு தேசிய கீதம் முடிகிறவரை வந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் அந்தத் தொண்ணூறு வயதுக் கிழவர் கைத்தடியால் வண்டியைத் தட்டினார்.

"அட, இந்த ஏல வண்டியா! நான் எடுக்கவேண்டியதுடா இது. உங்கப்பன் மேல மேல ஏத்திக் கேட்டுக்கிட்டே போனான், விடல. அவனுக்கு எதுக்குன்னு அன்னைக்கே எல்லாரும் சிரிச்சோம்."

"அதான் சுத்தமா பழையபடி ஆக்கிட்டோம் பாருங்க" என்றார் சம்பந்தி, நெஞ்சை நிமிர்த்தி. "எங்க சம்பந்தி கண்டுபிடிச்சது."

அன்று அவர் என்னோடு நேராகப் பேசியது அவ்வளவுதான். மறுவாரம் மகள் போனில், "மாமா உங்கமேல கோவமா இருக்காங்கப்பா, ஆனா சிரிச்சுக்கிட்டே இருக்காங்க" என்றாள். நான் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கல் மட்டும் மிச்சம். பொய்க் கல்லை வைக்க முடியாது, சீராகக் கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் முடியாது என்று தீர்ப்புச் சொன்னாள் என் மனைவி. உண்மையை எழுதி இன்னொரு கல் வெட்டச் சொன்னோம். உண்மைக்கு எழுத்து அதிகம். கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார். கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், சம்பந்தி சம்மதிக்கவில்லை. முதல் கல் ஏழாயிரத்து இருநூறு, இரண்டாவது கல் எட்டாயிரத்து நூறு, சிவப்பு பெயின்ட் முந்நூற்று நாற்பது, உப்புத்தாள் தொண்ணூறு, கல்லோடு போய்வந்த ஆட்டோ நானூற்று எண்பது. ஆக மொத்தம் என் கையிலிருந்து போனது பதினாறாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.