மலை ஏறாமல் பறந்தது

என் வீட்டுக்காரர் ஐப்பசியில் இறந்தார். நான் அழவில்லை. வீம்பு எல்லாம் இல்லை, வரவில்லை. ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் தலை என் தோளில் கனத்தது தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு சோளம் அறுத்தோம், களத்தில் தூற்றினோம், மூட்டை கட்டினோம். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. சோறு முன்னால் வந்தால் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வீட்டில் நானும் என் நாத்தனாரும்தான். அவள் அவருடைய தங்கை, புருஷன் போன பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டவள். அவள்தான் சமைப்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

எங்கள் காடு குஜிலியம்பாறை ரோட்டை ஒட்டி இருக்கிறது. மானாவாரி நிலம், அறுப்பு முடிந்தால் ஆடி வரை சும்மா கிடக்கும். மாசியில் ஒரு ஆள் ஜீப்பில் வந்தான். பெரிய துணியில் தொங்கிக்கொண்டு பறக்கிற பாராகிளைடிங் சொல்லிக்கொடுக்கிறவனாம். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் தரையில் பழக வெட்டவெளி வேண்டும் என்றான். பேச்சில் ஒட்டன்சத்திரம் பக்கம் தெரிந்தது. சரி என்று தலையாட்டினேன். எதைக் கேட்டாலும் அப்போது தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு காலையில் அவர்கள் விரித்த பெரிய துணி காற்றில் நழுவி, வரப்பில் உட்கார்ந்திருந்த என் பக்கம் வந்தது. பின்னால் கருவேல முள். கிழிந்துவிடப் போகிறதே என்று எட்டி அதன் கயிறுகளைப் பிடித்தேன். அது என்னை இழுத்தது. சும்மா இல்லை, மாடு இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போனது. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. ஐப்பசிக்குப் பிறகு என் உடம்புக்குள் வந்து சேர்ந்த முதல் சேதி அதுதான்.

அவன் ஓடி வந்தான். "விடுங்கம்மா, கயிறு கைய அறுத்துப்போடும்! காயம் பட்டுச்சுங்களா?"

"இத எனக்குச் சொல்லிக் குடு," என்றேன்.

சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "உங்களுக்கு வயசு என்னங்கம்மா இருக்கும்?"

"நெலத்தக் கேக்க வந்தப்ப வயசக் கேட்டியா?"

அப்படித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் போடுகிறதுதான். அதற்கு மேல் பெல்ட்டு, தலையில் ஹெல்மெட். நாத்தனார் வாசலிலேயே மறித்தாள்.

"ஏன் மதினி, கிறுக்கு புடிச்சிருக்கா? கேணிய எட்டிப் பாத்தாலே தலை சுத்துதும்பீக. இப்ப ஆகாசமாக்கும்!"

அவளை ஒதுக்கிவிட்டுக் காட்டுக்கு நடந்தேன்.

அவன் தாளில் படம் போட்டு எழுதிக் காட்டுவான். எனக்கு எழுத்துக் கூட்ட நேரமாகும். சிவப்புப் பட்டை தூக்குவதற்கு, கைப்பிடி நிறுத்துவதற்கு என்று மனசில் போட்டுக்கொண்டேன். துணியைப் பார்த்தபடி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். சிவப்பை இழுத்தால் துணி எழும்பித் தலைக்கு மேல் வந்து நிற்கும். உடனே திரும்பி, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து ஓட வேண்டும்.

துணி முதல் நாளே எனக்கு எழும்பியது. திரும்பத்தான் முடியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து களத்தில் தூற்றியவள் நான். தூற்றும்போது காற்றைப் பார்த்து நின்றால் தூசும் சுணையும் கண்ணுக்குள் போகும். முதுகைக் கொடுத்தே நிற்க வேண்டும். உடம்பு அதைப் படித்துவிட்டது. துணி மேலே வந்து நிற்கும், நான் சொளகு பிடித்தவள் மாதிரி அசையாமல் நிற்பேன். "திரும்புங்கம்மா! திரும்புங்க!" என்று அவன் கத்துவான். அதற்குள் துணி என்னைத் தரையில் உட்கார வைத்துவிடும். இடுப்பு வலிக்க வேண்டும், வலித்ததாக நினைவில்லை. தோளில் வரும் அந்த இழுப்புக்காக எழுந்து எழுந்து நின்றேன். பங்குனி பிறக்கும்போதுதான் ஒரு காலையில் திரும்பினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினேன். திறந்தால் கண்ணில் ஒன்றும் விழவில்லை, வெறும் காற்று.

"அவ்வளவுதானுங்கம்மா," என்றான் அவன். "வெயில் ஏறுறதுக்குள்ள இந்த வருசத்து வேலைய முடிச்சுட்டுப் போயிருவோமுங்க. அடுத்த வாரம் எல்லாரும் கரட்டுல ஏறி அங்கிருந்து பறக்கோணும். நீங்களும் வாங்க."

"நான் ஏற மாட்டேன்."

எங்கள் பக்கம் வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புகிற வரை மலை ஏறக் கூடாது. பழனிக்குப் போகிறவர்களும் அந்த ஒரு வருஷம் போக மாட்டார்கள்.

"அது மலை இல்லீங்கம்மா, கரடு. கோயில்கூடக் கிடையாதுங்க."

"ஒசந்தது எல்லாம் மலதான்."

அன்றைக்கு நாத்தனாரே இறங்கி வந்தாள். "போயிட்டு வாங்க மதினி. ஒரு பொட்டக் கரடு. எங்கண்ணன் வந்து கேக்கப் போறாரா?"

"கேக்க மாட்டாரு. அதுக்குத்தான் ஏறல."

அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ. நான் அழாததை ஊரே பார்த்தது. அவருக்கென்று நான் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான். அதை விட்டுவிட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. பறக்காமல் போனாலும் அந்த இழுப்பு போய்விடும், பிறகும் ஒன்றும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்கள் கரட்டுக்குப் போய் வந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவன் ஜீப்பில் ஒரு மிஷினைக் கட்டிக்கொண்டு வந்தான். பெரிய உருளையில் கயிறு சுற்றியிருந்தது. மலை இல்லாத ஊர்களில் இப்படித்தானாம். நிலத்தின் அந்தக் கோடியில் மிஷின் கயிற்றைச் சுற்ற, இந்தக் கோடியில் இருக்கிறவர்கள் மேலே எழும்புவார்கள்.

"ஒரு பனை உசரத்துக்குத்தானுங்க தூக்குவேன். பின்னால நானும் உக்காந்துக்கட்டுங்களா?"

"தனியாப் போகத்தான படிச்சேன்?"

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "மல ஏறக் கூடாதாம், ஆகாசத்துல ஏறலாமாக்கும்!"

"நான் எங்கடி ஏறுறேன்? மிஷினுல்ல இழுக்குது."

துணி எழும்பியது. திரும்பினேன், கண்ணை மூடவில்லை. கயிறு வெடுக்கென்று இழுத்தது. ஓடினேன். ஓடிக்கொண்டே இருந்தேன், காலுக்குக் கீழே தரை இல்லை என்பது செத்த நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மேலே சத்தமே இல்லை. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. களம் தெரிந்தது. எங்கள் வீட்டு ஓடு தெரிந்தது, அதில் அவர் மாற்றிப்போட்ட ஓடுகள் மட்டும் வேறு நிறமாக இருந்தன. ஓடைக்கரையில் அவரை எரித்த இடம் தெரிந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இடம் தெரிந்தது, அவ்வளவுதான். கீழே அவன் கயிற்றைத் தளர்த்திவிட்டுக் கையை அசைத்தான். தரை பக்கத்தில் வந்ததும் கைப்பிடிகளை இடுப்பு வரை இழுத்தேன், புழுதியில் உட்கார்ந்தேன்.

நாத்தனார் ஓடி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முகமெல்லாம் ஈரம்.

"என்ன மதினி? என்ன பண்ணுது? சொல்லுங்க!"

வயிற்றில் என்னவோ பிசைந்தது. என்னவென்று கண்டுபிடிக்கவே நேரமானது.

"பசிக்குது," என்றேன். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

அவள் ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். ஐப்பசிக்குப் பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

"கத்திரிக்காதான். ஆகாசத்துக்குப் போயிட்டு வந்தவுகளுக்கு ஆகுமா?"

ஆகும் என்றேன். அன்றைக்கு இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கத்திரிக்காயில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். மறுநாள் அவர்கள் போய்விட்டார்கள். எனக்கும் மறுபடி முன்னைப் போலத்தான் இருந்தது. உப்பு மட்டும் தெரிந்தது.