நார்டாலில் ஒரு தடவை கேட்டால் போதாது

தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் ஆர்டிஸ் க்வாமே காபி பாய்லரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் முறை இல்லை. முறைக்காரி வரவில்லை. வராதவர்களின் வேலையை ஆர்டிஸ் செய்துவிடுவாள் என்பது நார்டால் ஊருக்கே தெரியும்.

மினசோட்டாவின் இந்தச் சின்ன ஊரில்தான் பிறந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் சமைத்தாள், புருஷனை அடக்கம் செய்த மறுவாரமே வேலைக்குப் போனாள். எழுபத்தைந்தாம் வருஷப் பனிப்புயலில் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் பள்ளியிலேயே மாட்டிக்கொண்டபோது, டின் பட்டாணியையும் மாட்டிறைச்சியையும் வைத்தே இரண்டு நாள் எல்லாருக்கும் வயிறாரப் போட்டாள். அன்று தானும் அங்கே சாப்பிட்டதாகச் சொல்கிறவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். அத்தனை பேரும் இருந்திருந்தால் பள்ளிக்கூடச் சுவர் பிளந்திருக்கும்.

ஊரின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா வருகிறது. விழா மலரில் ஒரு முழுப்பக்கம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கைக்கு. அந்தப் பொறுப்பு அரிசோனாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் டெரிக்கிடம். போன வாரம் இதே சமையலறைக்கு வந்து ஆர்டிஸிடம் கேட்டார்.

"ஐயோ, என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு பாஸ்டர்? வேற யாரையாவது பாருங்க."

"சரிம்மா," என்று போய்விட்டார்.

வினையே அதுதான். நார்டாலில் முதல் தடவை கேட்டவுடன் யாரும் ஒரு துண்டு கேக்கைக்கூடத் தொடமாட்டார்கள். இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை, "இவ்வளவு சொல்றீங்களேன்னு" என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது மறுப்பை ஆர்டிஸ் தயாராக வைத்திருந்தாள். அவர் வரவேயில்லை. எலுமிச்சை கேக் சுட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனாள். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லாமல் மூன்று துண்டு தின்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் வேண்டும். வேண்டும் என்று சொல்லத்தான் முடியாது.

நாத்தனார் லொரெய்ன் கோப்பைகளைத் துடைத்தபடி சொன்னாள்: "சேதி தெரியுமாடி? அந்தப் பக்கத்துல தானியக் கிடங்கு போட்டோவைப் போடப்போறாராம்."

"கிடங்கா?"

"உனக்கப்புறம் பெவர்லியைக் கேட்டாராம், வேணாம்னாளாம். ஹார்லனும் வேணாம்னானாம். கிடங்கு ஒண்ணுதான் வேணாம்னு சொல்லலை."

"நல்ல கிடங்குதான்."

"உனக்கு ஆசையா இருக்குல்ல?"

"நான் சொன்னேனா?"

"பாய்லரைப் பாத்தாலே தெரியுது. இன்னும் தேய்ச்சா ஓட்டை விழுந்துடும்."

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் காலிக் கோப்பையோடு உள்ளே வந்தார். லொரெய்னுக்கு வாயை அடக்க முடியவில்லை.

"பாஸ்டர், இந்த ஊர்ல எதையும் மூணு வாட்டி கேக்கணும். இவ வேணாம்னா வேணும்னு அர்த்தம்."

"லொரெய்ன்!" என்றாள் ஆர்டிஸ்.

பாஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு யாருமே சொல்லலியே! மன்னிச்சிடுங்கம்மா. ஒரு வாட்டி கேட்டாச்சு, அப்ப இன்னும் ரெண்டு." கோப்பையைக் கீழே வைத்தார். "உங்களைப் பத்தி எழுதலாமா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "எழுதலாமா?"

நடுவில் ஆர்டிஸ் மறுப்பதற்கு அவர் இடமே விடவில்லை. சரி என்றால், கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் கிடங்குதான்.

"சொல்லேண்டி," என்றாள் லொரெய்ன்.

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். காபிச் சக்கைப் பையின் வாயைக் கட்டி எடுத்துக்கொண்டு, பாஸ்டரைச் சுற்றிப் போய், "குப்பையைப் போட்டுட்டு வந்துடுறேன்," என்றபடி கதவைத் தோளால் தள்ளி வெளியே போனாள்.