பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காத வேகம்

தொண்டையில் ஆபரேஷன் செய்தபின் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. பேனா பிடித்தால் கை நடுங்கும். ஆனால் டைப் அடிக்க உட்கார்ந்தால் விரல்கள் பழைய கிளார்க்கின் விரல்களாகிவிடும். அதனால் ஒரு லேப்டாப் வாங்க, கடல் தாண்டித் தீவில் ஆயர் ஈத்தாமிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் 486 ப்ராசசர். இன்னொன்றில் அதைவிடப் புதியது. ஒரே ஃபைலை இரண்டிலும் திறந்தேன். புதியது சட்டென்று திறந்தது. 486 யோசித்து யோசித்துத் திறந்தது.

“டைப் அடிக்க மட்டும்னா 486-ஏ போதும் லா, அக்கா.”

“எங்க அப்பா ஆபீஸ்லயே ஃபாஸ்ட் டைப்பிஸ்ட், அண்ணே. புதுசையே குடுங்க” என்றேன் பெருமையாக.

வேகமான ப்ராசசர் பேட்டரியையும் வேகமாகத் தின்னும் என்று எனக்குத் தெரியாது. கடையில் இரண்டும் பிளக்கில்தானே ஓடின!

ஒரு நாள், இக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்த எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. தீவிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டாக்சியோடு ஃபெர்ரியில் ஏறினோம். பாதி வழியில் அப்பா லேப்டாப்பைக் கேட்டுக் கை காட்டினார். மடியில் திறந்து வைத்தேன்.

‘நான் உன்கிட்ட சொல்லணும்னு’ என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தார். திரை இருண்டுவிட்டது. பேட்டரி தீர்ந்திருந்தது.

அப்பா திரையைப் பார்த்து அடிக்கிறவர் இல்லை. என் முகத்தையே பார்த்தபடி நிதானமாக அடித்து முடித்தார். பிறகு, புரிந்ததா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். கண்களை மூடிக்கொண்டார், அப்புறம் திறக்கவே இல்லை.

இப்போது யார் லேப்டாப் வாங்கப் போனாலும் கூடவே போகிறேன். கடையில் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எது கடைசிவரை தாங்குகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். எனக்கென்று ஒன்று வாங்கத்தான் மனம் வரவில்லை. அன்று எதற்குத் தலையாட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.