மாரென் சிரித்துத் தொலைத்தது

வெர்லின் ஹாகனுக்கு வண்டி ஓட்டுகிறவன் நான். விஸ்கான்சின் மாநில செனட்டுக்கு அவர் நின்ற வருஷம், எங்கள் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிடாதவள் மாரென் வோய்ச்சிக் ஒருத்திதான். அவளோ எதிரணி ஆள்.

கல்லூரியில் மூன்றாம் வருஷம் அரசியல் படித்தாள். எதிரணியின் ஆராய்ச்சிப் பிரிவு பயிற்சி மாணவியாகச் சேர்த்து, கையில் கேமராவைக் கொடுத்து எங்கள் பின்னால் அனுப்பிவிட்டது. சம்பளம் கிடையாது. ஹாகன் வாய் திறக்கிற இடமெல்லாம் படம் பிடிக்க வேண்டும். மனுஷன் எங்காவது உளறினால் அது விளம்பரத்துக்கு. ஒன்று சிக்கினால் படிப்பு முடிந்ததும் தலைநகர் மேடிசனில் கட்சி வேலை. அந்த வேலைமேல் உயிரையே வைத்திருந்தாள். ஒரே கட்டளை, கேமரா பிடிக்கிறவள் சத்தம் காட்டக்கூடாது.

“வந்துட்டியாம்மா, ஆரம்பிக்கலாமா?” என்று ஹாகன் மேடையிலிருந்தே கேட்பார். தலையை மட்டும் ஆட்டுவாள்.

கூட்டம் முடிந்ததும் பன்னில் சாசேஜ் வைத்து நீட்டுவேன்.

“எதிரி கையால சாப்பிடக் கூடாதுன்னு பிரெட் சொல்லியிருக்காரு, ட்வெய்ன்.” பிரெட் அவளுடைய மேலாளர்.

“அப்ப நீயே எடுத்துக்க. நான் பாக்கல.”

எடுத்துக்கொள்வாள். கடுகு சாஸ் இன்னும் வேண்டும் என்பாள்.

செப்டம்பரும் போனது, ஒன்றும் சிக்கவில்லை. அடுத்த வாரமும் வெறுங்கையோடு வந்தால் கேமரா கிடையாது, ஊராருக்குப் போன் போட்டு ஓட்டுக் கேட்கிற மேஜைதான் என்று பிரெட் சொல்லிவிட்டானாம்.

“உங்க ஆளு ஏன் இப்படி அறுக்கிறாரு?”

“கேக்குறதுக்கு எனக்குக் கூலி குடுக்குறாங்க. நானே தூங்கிடுறேன்.”

அந்த வாரம்தான் பால் பண்ணையில் கூட்டம். ஹாகனுக்கு என்ன வந்ததோ, எதிரே நின்ற விவசாயிகளைக் காட்டி, “இந்தச் சோம்பேறிங்களுக்கு எதுக்கு ஓட்டு? நாலு மணிக்கு எந்திரிக்கிறது மாடு. அதுக்குக் குடுங்க ஓட்ட, நான் ஜெயிச்சிருவேன்” என்றார்.

எங்கள் பக்கத்து விவசாயிகள் வாய்விட்டுச் சிரிக்கிற ஜாதி இல்லை. ரொம்பச் சிரிப்பு வந்தால் குனிந்து பூட்ஸைப் பார்ப்பார்கள். அத்தனை பேரும் பூட்ஸைப் பார்த்தார்கள். படத்தில் அவமானப்பட்டு நிற்கிற மாதிரியே இருக்கும். ஹாகன் தொலைந்தார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேமராவுக்குப் பின்னால் ஒருத்தி வெடித்துச் சிரித்தாள். அடக்க முடியாமல் மூக்கால் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் கடையில் என் எதிரே வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். படத்தில் உன் சிரிப்பு கேட்டால் அவர் சொன்னது தமாஷ் என்று தெரிந்துவிடும், அதை அறுத்துவிட்டுக் கொடு என்றானாம் பிரெட். முடியாது என்றாளாம். நீங்கள் அறுத்தால் முழுசையும் நான் வெளியே விடுவேன் என்றும் சொல்லியிருக்கிறாள். மேடிசன் போச்சு.

“அறிவு இருக்கா உனக்கு? அறுக்க எவ்வளவு நேரமாகும்?”

“ஒரு நிமிஷம்.”

“பின்ன?”

“அவரு தமாஷாத்தான சொன்னாரு. நான் அங்கதான இருந்தேன்? தோக்கட்டும், ஆனா நெசமாச் சொன்னதுக்குத் தோக்கட்டும். நான் ஒண்ணும் அவருக்குப் போடப் போறதில்ல, சந்தோஷப்படாதீங்க.”

சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தின்றாள்.

அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு வேறொருவன் வந்தான். கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்று படம் பிடித்தான்.

ஒரு சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது.

“வணக்கம். நவம்பர்ல யாருக்கு ஓட்டுப் போடப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“உனக்குத் தெரியாதாக்கும்!”

“கேட்டே ஆகணும் சார்” என்று குரலைத் தாழ்த்தினாள். “பிரெட் பக்கத்துல நிக்கிறாரு.”

இன்னும் முடிவு பண்ணவில்லை, உங்கள் ஆளைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள் என்றேன். கால் மணி நேரம் சொன்னாள். அந்த நேரத்துக்கு அவர்கள் மற்ற ஓட்டர்களுக்குப் போடுகிற போனாவது குறையட்டுமே என்றுதான் செய்தேன். ஹாகனிடமும் அப்படித்தான் சொன்னேன்.