சேகர் மாமாவின் ஷூ: கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு

2006 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ரத்தப் பரிசோதனைக்காகப் பெங்களூரு போனேன். பரிசோதனை எனக்கல்ல, தையில் நான் கட்டிக்கொள்ள இருந்த சேகர் மாமாவுக்கு. அம்மாவின் கடைசித் தம்பி, பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார்.

அப்பாவும் அம்மாவுக்குத் தாய்மாமன்தான். என் தங்கைக்குப் பதினான்கு வயதிலேயே நெஞ்சுவலி. முழங்கையிலும் குதிகாலுக்கு மேலும் கொழுப்புக் கட்டிகள். ஈரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு, ரத்தத்தில் போகும் கொழுப்பைக் கொக்கி போல் பிடித்து உள்ளே இழுப்பவை. மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலும் கொக்கி பிடிக்காமல் போகலாம். தங்கைக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்திருக்கிறது. எனக்கு ஒருவரிடமிருந்து மட்டும், அதற்கே தினமும் மாத்திரை. மாமாவுக்கும் இருந்தால், எங்கள் பிள்ளைக்குத் தங்கையின் நிலை வரலாம்.

காலை ஐந்தரை பஸ். தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். பெங்களூருக்குள் மடிவாளா நிறுத்தத்தில் மாமா வெறும் வயிற்றோடு காத்திருந்தார்.

"மீட்டர் மேல பத்து குடும்மா," என்றார் ஆட்டோக்காரர். கண்ணாடியில் பார்த்து, "புது ஜோடியா சார்?"

"தையிலதாண்ணா கல்யாணம். அந்தப் பத்த எங்களுக்கு மொய்யா வெச்சிடுங்க," என்றார் மாமா.

இருவரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. மாமா ஷூவின் பின்பக்கத்தை மடித்து மிதித்திருந்தார்.

"ஏன் மாமா இப்படி?"

"பின்னாடி கடிக்குது கண்ணு. மூணு ஷூ மாத்திட்டேன்."

தங்கைக்கும் டாக்டர் முதலில் அழுத்திப் பார்த்தது அந்த இடத்தைத்தான். ஆஸ்பத்திரி வரும்வரை நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்தபின் டாக்டரம்மா ஷூவைக் கழற்றச் சொன்னார். குதிகாலின் தசைநாரை இரு விரலால் பிடித்துப் பார்த்தார். "எத்தனை வருஷமா தடிப்பா இருக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன்.

மதியம் கொழுப்பின் அளவு வந்தது, மிக அதிகம். மரபணு முடிவுக்கு நாளாகும், ஆனால் மாமாவுக்கும் அந்தப் பழுதுதான், சந்தேகமில்லை என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது மாமா சொன்னார்: "பாவம், ஷூவப் போய்த் திட்டிட்டிருந்தேன்." பிறகு, "கல்யாணம் வேணாம்னு நானே அக்காகிட்ட சொல்லிடறேன். என்னைத் திட்டட்டும். நீ மாத்திரைய விடாத."

போகிறவர்களுக்கு: முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் குடிக்கலாம். மடிவாளாவில் இறங்கினால் ஆட்டோச் செலவு குறையும். சொந்தத்தில் கட்டுகிறவர்கள் இருவரும் சேர்ந்தே போங்கள், நாள் குறிக்கும் முன்பே. எங்களுக்குக் குறித்திருந்தார்கள்.