ஐந்து பாட்டுப் புத்தகங்கள்

பாச்சை உருண்டை வாசனை எங்கே அடித்தாலும் மெட்டுகுடா தமிழ்ச் சபையின் மர அலமாரி எனக்குள் திறந்துகொள்கிறது. முன்னால் அந்த ரிடையர்டு ரயில்வே கார்டு நிற்கிறார், ஒல்லியாக, முழுக்கைச் சட்டையில்.

ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன்பே வந்து, பாட்டுப் புத்தகங்களைத் துடைத்து அவரவர் இடத்தில் வைப்பார். எங்கள் கடைசி பெஞ்சுக்கு ஐந்து. உட்காருவது அவரும் நானும்தான். மற்ற மூவரும் ஊர் மாறிப் போய் வருடங்களாகிவிட்டன. சாஃப்ட்வேர் வேலைக்கு வெளிமாநிலம் வந்து ஒற்றை அறையில் கிடந்த எனக்கு, வாரத்தில் தமிழில் மனம்விட்டுப் பேசக் கிடைத்தவர் அவர் ஒருவரே.

புனேவுக்கு மாற்றலானதும் சொன்னேன். "அடுத்த வாரத்திலிருந்து என் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுடுங்க ஐயா."

பச்சைக்கொடி காட்டுவதுபோலத் துணியை உதறினார்.

"நக்கோ, வேணாம் தம்பி, இருக்கட்டும். எடுத்துட்டா நான் தனியா உட்கார்ந்திருக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."