ஹார்ன் அடித்த கை

பரமத்தி வேலூர் மணியனை வெறும் லாரி டிரைவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நாமக்கல்லில் கிளம்பி குவாஹாத்தி வரைக்கும் லோடு அடித்தவர். இருபத்தோரு வருஷத்தில் ஒரு நாய்க்குட்டியைக்கூட நசுக்காதவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. யாராவது வண்டியை எங்கேயாவது இடித்துக்கொண்டு வந்தால் போதும், பட்டறையில் பத்துப் பேர் காதுபடக் கேலி செய்து ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார். நாற்பத்து நான்கு வயதில் அவர் துபாய்க்குக் கிளம்பியபோது, அங்கே போய் டிரெய்லர் ஓட்டுவார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அங்கே வண்டியைத் தொடுவதற்கு முன் அந்த ஊர் லைசென்ஸ் வாங்க வேண்டும். டெஸ்டில் முதல் வளைவு வந்ததுமே கை தானாகப் போய் ஹார்னை அழுத்திவிட்டது. கொல்லிமலையின் எழுபது வளைவிலும் அடித்து அடித்துப் பழகிய கை, அது என்ன செய்யும்? தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் அந்த ஊரில் பெயில். பக்கத்தில் இருந்த பரிசோதகர் ஆளில்லாத ரோட்டைப் பார்த்துவிட்டு, யாரைக் கூப்பிடுகிறாய் என்று இந்தியில் கேட்டார். வடக்கே ஓட்டி ஓட்டி இந்தி கற்றவர் என்பதால் கேலி ஒரு சொட்டு விடாமல் புரிந்தது. அடுத்த முறை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். முன்னால் போன வேன் லேசாக ஒதுங்க, பாழாய்ப்போன கை மறுபடியும் அடித்துவிட்டது. அதற்கப்புறம் கையைக் கவனிப்பதிலேயே கண்ணாடியைப் பார்க்க மறந்து தோற்றார். மொத்தம் ஐந்து முறை.

லைசென்ஸ் இல்லாத டிரைவரை வைத்துக் கம்பெனி என்ன செய்யும்? இஜாஸ் ஓட்டிய டிரெய்லரில் துணைக்கு ஏற்றிவிட்டது. இஜாஸ் சேலத்துக்காரன். அப்பாவின் ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவன். ஊரில் ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. மறக்க வேண்டியது ஒன்றும் இல்லாததால் துபாயில் புதிதாகக் கற்றுக்கொண்டு, சின்ன வண்டி, பெரிய வண்டி இரண்டுக்கும் முதல் தடவையிலேயே பாஸாகிவிட்டான். நல்ல மனுஷன், அண்ணே அண்ணே என்று மரியாதையாகத்தான் பேசுவான். தார்ப்பாய் போடுவது, கயிறு கட்டுவது, கண்ணாடி துடைப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பது எல்லாம் மணியன் வேலை. லாரிக்காரர்கள் இதைக் கிளீனர் வேலை என்பார்கள்.

மனைவி சாரதாமணியிடம் இதை எப்படிச் சொல்வது? டெஸ்டுக்குத் தேதி வரவில்லை என்று கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு ஒருநாள் இஜாஸ் டீ குடிக்கப் போன நேரத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். வாயால் பொய் சொல்லவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். வண்டி எடுத்தாச்சா என்று அவள் சந்தோஷமாகக் கேட்டபோது அதற்கும் வழியில்லாமல் போனது. எடுத்தாச்சு என்றார்.

அந்தப் போட்டோ ஊரில் ஒரு சுற்று வந்தது. சாரதாமணியின் தம்பி முருகானந்தமும் லாரி டிரைவர்தான். தானும் துபாய்க்கு வரலாமா என்று யோசித்து அவர் போன் செய்தார்.

"ஏனுங்க மாமா, டெஸ்டு கஷ்டங்களா?"

உண்மை மணியனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஐந்து முறை தோற்றேன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்கச் சிரிக்கும் என்பதும் கூடவே வந்தது.

"அதெல்லாம் ஒன்னுமில்ல மாப்ள. பயப்படாம வாங்க."

நான்கு மாதத்தில் முருகானந்தம் அதே கம்பெனிக்கு வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷமாக ஓட்டிய வண்டியின் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, மனைவி அகல்யாவையும் மூன்று மாதக் கைக்குழந்தையையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு வருஷம் திரும்ப முடியாது என்று கையெழுத்துப் போட்டு வந்திருந்தார். எப்படியும் அவரை வேறு இடத்தில்தான் வேலைக்குப் போடுவார்கள் என்று மணியன் நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் டிரெய்லருக்குப் பின்னால் நின்று, வரட்டும் வரட்டும் என்று இஜாஸுக்குக் கத்திக்கொண்டே திரும்பினால், கையில் பெட்டியோடு முருகானந்தம் நிற்கிறார்.

முருகானந்தம் அன்றைக்கு எதையும் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஊர் விஷயம் பேசினார், அக்கா கொடுத்துவிட்ட முறுக்கை எடுத்துக் கொடுத்தார். அதைத் தின்பதற்குள் மணியன் கூசிப்போனார். முதல் டெஸ்டுக்குப் போய், ஹார்ன் அடித்துத் தோற்றுவிட்டு வந்த பிறகுதான் முருகானந்தம் வாயைத் திறந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் வந்திருக்க மாட்டனுங்களே மாமா."

கத்தியிருந்தால் பதிலுக்கு மணியனும் கத்தியிருப்பார். மெதுவாகக் கேட்டதால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அடுத்த லீவு நாளில் அவர் சாரதாமணிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஐந்து டெஸ்டு, இஜாஸ், கயிறு, போட்டோ, ஒன்றையும் விடவில்லை. தான் பார்ப்பது கிளீனர் வேலை என்பதை மட்டும் கடைசியில் வேகமாகச் சொல்லி முடித்தார். அவள் அழுவாள், வெளியில் எப்படித் தலைகாட்டுவது என்பாள் என்று நினைத்து, அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தார். அவள் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"இது தெரிஞ்சுதான் எந்தம்பிய வரச் சொன்னீங்களா?"

இத்தனை நாளும் எதற்கு வெட்கப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆமாம் என்றார்.

அவள், அவன் ஊட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லீருங்க என்று போனை அகல்யாவிடம் கொடுத்துவிட்டாள். குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றாள் அகல்யா. "அவரு வண்டி எடுத்துட்டாருங்களா?"